கடிதம் எழுதப்பட்ட ஊரா, வாசிக்கப்பட்ட ஊரா: அவதூறு வழக்கை எந்த நீதிமன்றத்தில் தொடுப்பது?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மதுரையில் வசிக்கிறீர்கள். ஓர் அறக்கட்டளையின் முன்னாள் பொருளாளர். சென்னையில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர், நீங்கள் அறக்கட்டளைப் பணத்தைக் கையாடிவிட்டதாக நான்கு பக்கக் கடிதம் எழுதி, நகலெடுத்து, மதுரை, திருநெல்வேலி, சென்னை ஆகிய ஊர்களில் உள்ள மற்ற உறுப்பினர்களுக்கும், நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெங்களூரு தலைமை அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கும் ஒரு நகல் வந்திருக்கிறது. இது நடந்து பத்து மாதம் ஆகிறது. வழக்குச் சென்னையில்தான் போட முடியும் என்கிறார் நீங்கள் கலந்துபேசிய வழக்கறிஞர்; மானம் போன ஊரில் போடலாம், மதுரையிலேயே போடுங்கள் என்கிறார் உறவினர். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

சட்டப்படி பார்த்தால் இருவர் சொல்வதும் முழுச் சரியில்லை. மதுரையில் வழக்குத் தொடுக்க வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் மதுரைக்காரர் என்பதால் அந்த வழி கிடைப்பதில்லை. அந்தக் கடிதத்தை மதுரையில் உங்களைத் தவிர வேறொருவர் படித்தார் என்பதால் கிடைக்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், வழக்குரையை (வாதி தாக்கல் செய்யும் மனுவை) எழுதும் விதத்தையும், கூண்டில் ஏற்ற வேண்டிய சாட்சியையும், கடைசியில் கிடைக்கக்கூடிய நஷ்ட ஈட்டையும் அதுவே தீர்மானிக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஒருவரின் உடலுக்கோ மதிப்புக்கோ அசையும் சொத்துக்கோ இழைக்கப்பட்ட தீங்குக்காக நஷ்ட ஈடு கேட்கும் வழக்கில், தீங்கு ஒரு நீதிமன்றத்தின் எல்லைக்குள் இழைக்கப்பட்டு, பிரதிவாதி வேறொரு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வசித்தால் அல்லது தொழில் செய்தால், அந்த இரண்டில் எதில் தொடுப்பது என்பது வாதியின் விருப்பம் என்று அது கூறுகிறது. அதற்குச் சட்டமே தரும் இரண்டு எடுத்துக்காட்டுகளில் ஒன்று அவதூறைப் பற்றியதுதான்: டெல்லியில் வசிக்கும் ஒருவர் கல்கத்தாவில் இன்னொருவரைப் பற்றி அவதூறான கூற்றை வெளியிட்டால், பாதிக்கப்பட்டவர் கல்கத்தாவிலோ டெல்லியிலோ வழக்குத் தொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்று அந்த எடுத்துக்காட்டு சொல்லவே இல்லை. வாதியின் வீட்டு முகவரி இந்தப் பிரிவின் கணக்கில் வருவதில்லை.

பல வழக்குரைகளில், 'வழக்கு மூலத்தின் ஒரு பகுதி இந்த நீதிமன்ற எல்லைக்குள் எழுந்ததால்' என்ற வாசகத்தைக் காணலாம் (வழக்கு மூலம் என்பது வழக்குத் தொடுக்க உரிமை தரும் நிகழ்வுகள்). அது 20ஆவது பிரிவின் மொழி. ஒப்பந்த வழக்குகளிலும் பண வழக்குகளிலும் எழுதிப் பழகிய கை, அவதூறு வழக்கிலும் அதையே எழுதிவிடுகிறது. 20ஆவது பிரிவு, முந்தைய பிரிவுகளுக்குள் அடங்காத வழக்குகளுக்கானது. அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்கும் வழக்கு 19க்குள் அடங்கிவிடுகிறது. அங்கே கேள்வி 'தீங்கு எங்கே இழைக்கப்பட்டது' என்பது மட்டுமே. எனவே, மதுரையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், பதில் நோட்டீஸ் மதுரைக்கு வந்தது, ஆகவே மதுரை நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று எழுதுவது பயன் தராது. நோட்டீஸ் போக்குவரத்து தீங்கின் பகுதியல்ல.

அவதூறில் தீங்கு எப்போது, எங்கே நிறைவேறுகிறது? எழுதும்போது அல்ல, தபால்பெட்டியில் போடும்போதும் அல்ல. எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் அப்பாற்பட்ட மூன்றாம் ஆள் ஒருவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்போதுதான் அது வெளியீடு ஆகிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1884ஆம் ஆண்டிலேயே தகி உசேன் வழக்கில், மூடிய உறையில் சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே அனுப்பப்பட்ட அவதூறுக் கடிதம் வெளியிடப்பட்டதாகாது என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கைக்கு வந்த நகல், எவ்வளவு கடுமையாக எழுதப்பட்டிருந்தாலும், வழக்குக்கு அடிப்படையாகாது. அதை நீங்கள் உங்கள் மைத்துனரிடம் காட்டியிருந்தால் அந்த வெளியீடு உங்களுடையதே தவிர, பிரதிவாதியுடையது அல்ல.

பாட்னா உயர் நீதிமன்றத்தின் மகேந்திர ராம் வழக்கு, 1958ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருப்பது, இதை இன்னும் துல்லியமாக்குகிறது. உருது தெரியாத ஒருவருக்கு உருதுவில் அவதூறுக் கடிதம் வந்தது. அவர் உருது தெரிந்த ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னார். படித்தவர் மூலம் செய்தி வெளியே தெரிந்தது. எழுதியவருக்கு, பெறுபவர் உருது அறியாதவர் என்பது தெரிந்திருந்தது என நிரூபிக்காதவரை அவர் பொறுப்பாக மாட்டார் என்று நீதிமன்றம் கூறியது. மூன்றாம் ஆள் படித்தார் என்பது மட்டும் போதாது. அவர் படிக்க நேரும் என்பதைப் பிரதிவாதி கருதியிருக்க வேண்டும், அல்லது கருதியிருக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எழுதப்பட்ட ஊரும் வழக்கு நடந்த ஊரும் வேறான ஒரு நல்ல நிகழ்வு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1964இல் பம்பாயில் இருந்த மருமகன், திருவனந்தபுரத்தில் பெற்றோருடன் இருந்த தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மாமனாரை இழித்து எழுதியிருந்தார். கடிதங்கள் மாமனார் கைக்குப் போயின. அவர் திருவனந்தபுரம் குற்றவியல் நடுவரிடம் முறையிட்டார். வர்கீஸ் எதிர் பொன்னன் என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை சென்று 1968 நவம்பரில் முடிவானது. அங்கே பெரிய விவாதம், கணவன் மனைவிக்கு எழுதியதை நீதிமன்றத்தில் காட்டலாமா என்பதைப் பற்றியது. மனைவியின் வாயால் வெளிப்படுத்தத் தடை இருந்தாலும், கடிதங்களை வேறு வழியில் நிரூபிக்க முடிந்தால் விசாரணை நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஊரைப் பற்றிய சண்டை அங்கே பெரிதாக எழவில்லை. பம்பாயில் எழுதிய கடிதத்துக்குத் திருவனந்தபுரத்தில் முறையீடு என்பதை யாரும் விந்தையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

சுற்றறிக்கைக் கடிதத்துக்கென்றே ஆங்கிலேய நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று, 1948ஆம் ஆண்டின் பாட்டா எதிர் பாட்டா வழக்கு, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கடிதம் சூரிக்கில் எழுதப்பட்டு, அங்கிருந்தே லண்டனில் உள்ள சிலருக்கு அனுப்பப்பட்டது. எழுதியதும் அனுப்பியதும் சுவிட்சர்லாந்தில் என்பதால் தீங்கு அங்கேதான் நடந்தது என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அவதூறின் சாரம் வெளியீடு. வெளியீடு நடந்தது லண்டனில். எனவே தீங்கும் லண்டனில் என்பது முடிவு. இணையத்தில் வெளியானதற்கும் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2002இல் குட்னிக் வழக்கில் ஏறத்தாழ இதே வழியில்தான் சென்றது. மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அடிப்படை விதி வேறில்லை. படித்த இடத்தை நிரூபிப்பதுதான் அங்கே கடினமாகிறது. கையில் வைத்துப் படிக்கும் காகிதத்துக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆக, உங்கள் விஷயத்தில் மதுரை, திருநெல்வேலி, சென்னை, பெங்களூரு நான்கிலும் வெளியீடு நடந்திருக்கிறது. நான்கிலும் தீங்கு இழைக்கப்பட்டிருக்கிறது. சென்னை கூடுதலாகப் பிரதிவாதியின் ஊர். உங்கள் உறவினரின் வாதம் இந்த அளவுக்குச் செல்லும். கவுகாத்தி உயர் நீதிமன்றம் மேகாலயா அரசு எதிர் ஜ்யோத்ஸ்னா தாஸ் வழக்கில், 'இழைக்கப்பட்ட தீங்கு' என்ற சொற்றொடர் செயலை மட்டுமல்லாது அதன் விளைவையும் உள்ளடக்கும் என்று கூறியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, அவமானத்தை நான் மதுரையில்தான் அனுபவித்தேன் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குத் தொடுக்க நான் சொல்ல மாட்டேன். அப்படியே போனால் எந்த ஊரில் எது வெளியானாலும் வாதி தன் வீட்டு வாசலில் வழக்குப் போடலாம் என்றாகிவிடும். அதைச் சட்டம் எழுதியவர்கள் கருதவில்லை என்பது அந்த டெல்லி–கல்கத்தா எடுத்துக்காட்டிலிருந்தே தெரிகிறது.

உங்கள் வழக்கறிஞர் சென்னை என்று சொன்னதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசித்தேன். டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கில் எடுத்த நிலைப்பாடு அவர் மனத்தில் இருந்திருக்கலாம். 19ஆவது பிரிவின் சொற்களை மீண்டும் பாருங்கள்: தீங்கு ஒரு நீதிமன்ற எல்லையில், பிரதிவாதியின் வசிப்பிடம் வேறொரு நீதிமன்ற எல்லையில் இருந்தால்தான் வாதிக்குத் தேர்வுரிமை. பிரதிவாதி வசிக்கும் ஊரிலேயே தீங்கும் இழைக்கப்பட்டிருந்தால், வேறு ஊர்களிலும் அது பரவியது என்பதைக் காட்டி வெளியூரில் வழக்குப் போடக் கூடாது, பிரதிவாதியின் ஊரில்தான் போட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. பதிப்புரிமை வழக்கான சஞ்சய் தாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்ன கருத்து அதற்குப் பின்னணி: வாதிக்குத் தரப்பட்ட வசதி, பிரதிவாதியை ஊர் ஊராக அலைக்கழிக்கும் கருவியாகிவிடக் கூடாது. உங்கள் கடிதமோ சென்னையில் உள்ள உறுப்பினர்களுக்கும் போயிருக்கிறது. ஆகவே பிரதிவாதியின் வக்கீல் முதல் நாளே இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் தனி நீதிபதி சொன்னது தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; ஒவ்வொரு நகலும் தனித்தனி வெளியீடு, மதுரை நகலுக்கு மதுரையே தீங்கு நடந்த இடம் என்று நீங்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதில் வலுவானதே. ஆயினும் அந்த விவாதம் முடிய எத்தனை வாய்தா ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை. நீங்கள் எந்த நகலை வைத்து ஜெயிக்கப்போகிறீர்கள்? அறக்கட்டளையின் உறுப்பினர் ஒருவர் சக உறுப்பினர்களுக்கு அறக்கட்டளையின் பணத்தைப் பற்றி எழுதுகிறார் என்றால், பொதுவான அக்கறை உள்ளவர்களுக்கு இடையிலான தகவல் என்ற பாதுகாப்பை அவர் கோருவார். நிபந்தனைக்கு உட்பட்ட பாதுகாப்புதான் அது. கெட்ட நோக்கத்தோடு எழுதினார் என்று நீங்கள் நிரூபித்தால் அது உடைந்துவிடும். ஆனால் அந்தச் சுமை உங்கள் தோளில் விழும். மதுரை, திருநெல்வேலி, சென்னை நகல்கள் எல்லாம் உறுப்பினர்களுக்குப் போனவை. பெங்களூருக்குப் போனது அப்படியல்ல. உங்கள் முதலாளிக்கு அறக்கட்டளையின் கணக்கில் எந்த அக்கறையும் இல்லை. அவருக்கு எழுதியதற்கு உங்கள் வேலையைக் கெடுப்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். இருக்கும் நகல்களில் உங்களுக்கு மிக வலுவானது அந்த ஒரு நகல்தான். அது மதுரையில் வெளியானதல்ல.

மதுரையில் வழக்குத் தொடுத்தால், மதுரையில் நடந்த வெளியீட்டுக்கு மட்டும்தான் இந்த நீதிமன்றம் நஷ்ட ஈடு தர முடியும், பெங்களூரு நகலை இங்கே கொண்டுவர முடியாது என்று பிரதிவாதி வாதிடக்கூடும். இந்தியச் சட்டத்தில் இந்தப் பிரிவினை எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும் ஒவ்வொரு வெளியீடும் தனி வழக்கு மூலம் என்று நீங்கள்தான் சற்று முன் சொல்லியிருப்பீர்கள். அதன் மறுபக்கத்தை அவர் பிடித்துக்கொள்வார். ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் பிரான்ஸ்-சுவார் நாளிதழைப் பற்றிய வழக்கில் இதை வெளிப்படையாகவே விதியாக்கியது. அந்தப் பத்திரிகை பிரான்சில் 2,37,000 பிரதிகளுக்கு மேல் விற்றது; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 230 பிரதிகள். வெளியீட்டாளரின் ஊரில் வழக்குத் தொடுத்தால் முழு நஷ்டத்துக்கும் ஈடு கேட்கலாம். பிரதி போய்ச் சேர்ந்த ஊரில் தொடுத்தால் அந்த ஊரில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு மட்டும் என்றது அந்த நீதிமன்றம். நம் நீதிமன்றங்களுக்கு அது விதியல்ல. ஆனால் அதன் தர்க்கம் நம் 19ஆவது பிரிவோடும் பொருந்தக்கூடியதுதான்: பிரதிவாதி வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கு அவர் எந்த ஊரில் இழைத்த தீங்கையும் விசாரிக்க ஐயமற்ற அதிகாரம் உண்டு. உங்கள் வழக்கறிஞர் 'சென்னையில்தான் முடியும்' என்று சொன்னது சட்டமாகச் சரியல்ல; அறிவுரையாகச் சரி.

கடிதம் கைமாறிப் போனதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலி உறுப்பினர் ஒருவர் நகலெடுத்து மேலும் சிலருக்குக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். மறுவெளியீட்டுக்கு முதலில் எழுதியவர் எப்போதும் பொறுப்பாக மாட்டார். அவர் அப்படிச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அப்படி நடக்கும் என்று விரும்பியிருக்க வேண்டும், அல்லது அது இயல்பாக விளையக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தின்படி, கையெழுத்துக்குக் கீழே 'நகல்: அனைத்து உறுப்பினர்களுக்கும்' என்றும், அதற்கடுத்த வரியில் முகவரி கிடைக்காதவர்களுக்குத் தெரியப்படுத்துமாறு ஒரு வேண்டுகோளும் இருக்கின்றன. நான்கு பக்கக் குற்றச்சாட்டைவிட அந்த இரண்டு வரிகள், ஊர் எல்லை என்ற கேள்வியில், உங்களுக்கு அதிகம் உதவும். பரப்பியது அவர் சொல்லித்தான் என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

சான்றுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தி, உறையைக் குப்பையில் போட்டுவிடுவது நம் வழக்கம். இந்த வகை வழக்கில் உறைக்குத்தான் மதிப்பு அதிகம். எந்த அஞ்சலகத்தில் பதிவானது, எந்த நாளில் எந்த அஞ்சலகத்துக்கு வந்தது, யார் பெயருக்கு வந்தது, முகவரி யார் கையெழுத்தில் உள்ளது என்பவை அனைத்தும் அதில் இருக்கின்றன. விரைவுத் தபாலில் வந்திருந்தால் பட்டைக்கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைக் கொண்டு வழங்கப்பட்ட நாளை அறியலாம். அந்த விவரம் அஞ்சல் துறையிடம் காலவரையின்றிக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், இப்போதே எடுத்து வையுங்கள். உறுப்பினர்களில் உங்களுக்கு வேண்டியவர்களிடம் உறையோடு சேர்த்து வாங்குங்கள். ஆனால் தபால் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இது காட்டும். படித்தார் என்பதைக் காட்ட, பெற்றவர் வந்து சொல்ல வேண்டும். பெங்களூரு அலுவலகத்தில் கடிதத்தைப் பிரித்தவர், அதை மேலதிகாரியிடம் கொண்டுபோனவர், அதன்பேரில் உங்களிடம் விளக்கம் கேட்டு எழுதியவர் என்று அங்கே சங்கிலி எழுத்திலேயே இருப்பதால், அந்த நகலுக்குச் சாட்சிப் பஞ்சம் வராது. நிறுவனம் உங்களிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதமே அவர்கள் படித்ததற்கு நல்ல ஆவணம்.

சாட்சி வருவதற்கும் ஊருக்கும் தொடர்பு உண்டு. நடைமுறைச் சட்டத்தின் 16ஆவது கட்டளை, 19ஆவது விதிப்படி, நீதிமன்ற எல்லைக்கு வெளியே இருப்பவரை நேரில் வரும்படி கட்டாயப்படுத்த, அவர் 100 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வழியின் பெரும்பகுதிக்கு ரயில் போன்ற பொதுப் போக்குவரத்து இருந்தால் 500 கிலோமீட்டருக்குள். பெங்களூரிலிருந்து சென்னையும் மதுரையும் இரண்டுமே அந்த 500க்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் இந்தக் காரணத்துக்காக ஊரை மாற்ற வேண்டியதில்லை.

செயற்கையாக வெளியீட்டை உண்டாக்கும் ஆசையையும் தவிர்த்துவிடுங்கள். 1849இல் பிரன்ஸ்விக் பிரபு, பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரிகைப் பிரதி ஒன்றை வாங்கிவரத் தன் ஆளையே அனுப்பி, அந்த விற்பனையைப் புதிய வெளியீடாகக் காட்டி ஜெயித்தார். அந்தக் காலம் போய்விட்டது. 2005இல் இங்கிலாந்தில் ஜமீல் வழக்கில், அங்கே கட்டுரையைப் படித்த ஐந்து பேரில் மூவர் வாதியின் தரப்பினரே என்று தெரிந்ததும் நீதிமன்றம் வழக்கையே நிறுத்திவிட்டது. மதுரையில் உங்கள் நண்பர் யாராவது பிரதிவாதியிடம் எழுதிக் கேட்டு ஒரு நகல் வாங்கி, அதை மதுரை வெளியீடு என்று காட்டுவது குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது.

குற்றவியல் பக்கம் சுருக்கமாக. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு இருக்கிறது. எங்கே விசாரிப்பது என்பதற்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 197 முதலான பிரிவுகள். செயல் ஓரிடத்தில், விளைவு வேறிடத்தில் என்றால் இரண்டில் எந்த நடுவரும் விசாரிக்கலாம் என்ற 199ஆவது பிரிவு, உரிமையியல் சட்டத்தைவிடத் தாராளமானது. கடிதம் தபாலில் சேர்க்கப்பட்ட சென்னையும், படிக்கப்பட்ட மதுரையும் இரண்டும் பொருந்தும். கடிதம் அனுப்பப்பட்ட இடத்திலும் பெறப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்று சொல்லும் 202ஆவது பிரிவைச் சிலர் இதற்குக் காட்டுகிறார்கள். அதில் கடிதம் என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் அது வஞ்சனை அடங்கிய குற்றங்களுக்கு மட்டும் உரியது, அவதூறுக்கு அல்ல. பிரதிவாதி மதுரை எல்லைக்கு வெளியே வசிப்பவர் என்பதால், அங்குள்ள நடுவர் அவருக்குச் சம்மன் அனுப்புமுன் 225ஆவது பிரிவின்படி விசாரணை நடத்தியாக வேண்டும். புதிய சட்டத்தில், முறையீட்டைக் கோப்பில் எடுக்குமுன் அவரைக் கேட்கவும் வேண்டும். வெளியூர்க்காரரை வெறுமனே அலையவைப்பதற்காகப் போடும் முறையீடுகளைத் தடுப்பதே இதன் நோக்கம். நடிகை குஷ்பு 2005இல் அளித்த பேட்டிக்காக அவர்மேல் தொடுக்கப்பட்ட, பெரும்பாலும் தமிழ்நாட்டில் பதிவான 23 முறையீடுகளை உச்ச நீதிமன்றம் 2010இல் ரத்து செய்ததை நினைவுகூரலாம். அங்கே முறையிட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்களே அல்ல என்பதும் ஒரு காரணம். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. குற்ற முறையீட்டுக்குக் காலவரையறை மூன்று ஆண்டுகள்.

நஷ்ட ஈட்டு வழக்குக்கோ ஓர் ஆண்டுதான். காலவரையறைச் சட்டத்தின் 75ஆவது கூறு, எழுத்து வடிவ அவதூறு வெளியிடப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு என்கிறது. உங்களுக்கு எஞ்சியிருப்பது இரண்டு மாதம். இந்த நிலையில் ஊரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? அதிகாரமில்லாத நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆவது கட்டளை 10ஆவது விதிப்படி, உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுமாறு வழக்குரையைத் திருப்பித் தரும். அங்கே கழிந்த காலத்தை, நல்லெண்ணத்துடனும் உரிய கவனத்துடனும் வழக்கை நடத்தியிருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ்க் கழித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று ஆண்டு கழித்து, சென்னை என்று ஏற்கெனவே ஒரு வழக்கறிஞர் எச்சரித்த பிறகும் மதுரையில் போட்டவருக்கு உரிய கவனம் இருந்ததா என்ற கேள்வி எழும். மேலும், திருப்பித் தரப்பட்ட வழக்குப் புதிய நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020இல் எக்ஸெல் கேரியர்ஸ் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. மதுரையில் பதிவான சாட்சியம் அங்கே கைகொடுக்காது.

சென்னை என்று முடிவெடுத்தால், கேட்கும் தொகையைப் பொறுத்து நகர உரிமையியல் நீதிமன்றமா உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவா என்பது அமையும். உயர் நீதிமன்றத்தில் தொடுப்பவர், வழக்கு மூலத்தில் ஒரு பகுதி மட்டும் சென்னையில் எழுந்திருந்தால், அந்த நீதிமன்றத்தை நிறுவிய அரச சாசனத்தின் (Letters Patent) 12ஆவது கூறின்படி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். உங்கள் பிரதிவாதி சென்னை நகர எல்லைக்குள்ளேயே வசிக்கிறார் என்றால் அந்த அனுமதி தேவையில்லை. அவர் வீடு நகர எல்லைக்குள் இருக்கிறதா, செங்கல்பட்டு அல்லது திருவள்ளூர் மாவட்ட நீதிமன்ற எல்லைக்குள் விழுகிறதா என்பதை முகவரியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 'சென்னை' என்று தபாலில் எழுதும் பல இடங்கள் நீதிமன்றக் கணக்கில் சென்னை அல்ல. மதுரை என்றால் மாவட்ட அளவிலான நீதிமன்றங்கள்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இத்தகைய மூல வழக்குகளை ஏற்கும் அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017இல் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது என்றாலும், கோபத்தில் ஒரு கோடி என்று எழுதினால் மூன்று லட்சம் கட்ட வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் உடல்நிலையோ பணவசதியோ காரணமாக மதுரைதான் என்று நீங்கள் தீர்மானித்தால், அதில் தவறில்லை; ஊர் எல்லை குறித்த ஆட்சேபத்தைப் பிரதிவாதி முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வரையப்படுமுன், எழுப்பியாக வேண்டும். தவறவிட்டால், மேல்முறையீட்டில் அதை எழுப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இடம் தராது; தவறாமல் எழுப்பியிருந்தாலும், அதனால் நீதி பிறழ்ந்தது என்றும் அங்கே காட்ட வேண்டும். ஆனால் வழக்குரையில் அதிகார வரம்புப் பத்தியைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். வாதி மதுரையில் வசிப்பதால் என்று தொடங்க வேண்டாம். இன்ன நாளில், மதுரையில் இன்ன முகவரியில் வசிக்கும் இன்ன உறுப்பினர், பிரதிவாதி தம் பெயருக்கே அனுப்பிய கடிதத்தைப் பெற்றுப் படித்தார். அந்த உறை இன்ன எண்ணுள்ள சான்றாவணம். எனவே தீங்கு இந்த நீதிமன்ற எல்லைக்குள் இழைக்கப்பட்டது என்று 19ஆவது பிரிவைச் சொல்லி எழுத வேண்டும். அந்த உறுப்பினர் சாட்சி சொல்ல வருவாரா என்பதை, வழக்குரையில் கையெழுத்திடுமுன் அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.